பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும்: வந்து சேரும் வழிகள் குறித்து ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ விமானத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெங்களூரு கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையம்தான் வாசல். கிரானைட் பார்த்து வாங்க வரும் வெளிநாட்டு வணிகர்கள், மாங்கூழ் ஆலைகளைப் பார்வையிட வரும் நிறுவனத்தார், ஒகேனக்கல் பார்க்க வரும் குடும்பங்கள், வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் திரும்பும் நம் ஊர்ப் பிள்ளைகள், கல்யாணத்துக்கு வரும் உறவினர்கள் என எல்லோரும் அந்த நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில்தான் வந்து இறங்குகிறார்கள். அவர்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு, தொழில் காரணமாகவும் உறவு காரணமாகவும் பல ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. அரசுப் பேருந்து, ரயில், செயலி வழி வாடகைக் கார், ஊரிலிருந்து அனுப்பும் டிராவல்ஸ் வண்டி ஆகிய எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில், புதிதாக வருகிறவர்களுக்கும் அவர்களை எதிர்பார்த்து வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

வரைபடத்தில் பார்த்தால் இந்தப் பயணம் மிக எளிதாகத் தோன்றும். விமான நிலையத்தின் வாசலையொட்டிச் செல்லும் பெல்லாரி சாலையும், கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் தொட்டுச் செல்லும் சேலம் சாலையும் ஒரே நெடுஞ்சாலைதான். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44. ஆனால் அந்த நெடுஞ்சாலையின் வடக்கு ஓரத்தில் விமான நிலையமும் தெற்கு ஓரத்தில் ஓசூர் எல்லையும் இருக்க, இடையில் பெங்களூரு மாநகரம் முழுவதும் இருக்கிறது. 2008 மே மாதம் வரை நிலைமை வேறாக இருந்தது. அப்போது விமானங்கள் நகரத்துக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தில் இறங்கின. அங்கிருந்து ஓசூர் சாலையைப் பிடிப்பதற்கு நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. தேவனஹள்ளிக்கு நிலையம் மாறிய நாளிலிருந்து நம் இரண்டு மாவட்டங்களுக்கும் பயணத்தின் கடினமான பகுதி நகரத்தைக் கடப்பதுதான் என்றாகிவிட்டது. எனவே எந்தச் சேவை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதே. காலை ஆறு மணிக்குச் சிறந்ததாக இருக்கும் வழி மாலை ஆறு மணிக்கு மிக மோசமானதாக இருக்கும்.

விமான நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட இரண்டாம் முனையம், மூங்கில் வேய்ந்த கூரையும் தோட்டங்களுமாக வருகிறவர்களுக்கு நல்ல முதல் தோற்றத்தைத் தருகிறது. 2023 செப்டம்பர் முதல் பன்னாட்டு விமானங்கள் அங்கேதான் வந்து இறங்குகின்றன. உள்நாட்டு விமானங்கள் இரண்டு முனையங்களுக்கும் பிரிந்து வருகின்றன. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், ஊரிலிருந்து வண்டி அனுப்புகிறவர்கள் எந்த முனையம் என்பதை ஓட்டுநருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு முனையத்தில் விருந்தினரும் இன்னொன்றில் ஓட்டுநருமாகக் காத்திருந்து, தொலைபேசியில் அடையாளம் சொல்லிச் சொல்லிச் சலித்துப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பகலில் இறங்குகிற, கையில் ஒன்றிரண்டு பெட்டிகளோடு தனியாகவோ இருவராகவோ வருகிற பயணிக்கு நான் மனமுவந்து பரிந்துரைப்பது பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வாயு வஜ்ரா பேருந்தைத்தான். தடங்கள் எல்லாம் கே.ஐ.ஏ. என்ற எழுத்துகளோடும் ஓர் எண்ணோடும் குறிக்கப்பட்டிருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு. எலக்ட்ரானிக் சிட்டி செல்வது கே.ஐ.ஏ. 8, மெஜஸ்டிக் எனப்படும் கெம்பேகவுடா பேருந்து நிலையம் செல்வது கே.ஐ.ஏ. 9. முனையத்தை விட்டு வெளியே வந்ததும் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. குளிரூட்டப்பட்ட பேருந்து, சாய்ந்து உட்காரத் தக்க இருக்கை, பெட்டிகளை வைப்பதற்குப் பேருந்துக்குள்ளேயே அடுக்கு என வசதிகள் நன்றாகவே உள்ளன. பயணச்சீட்டை உள்ளே நடத்துநரிடம் பெற்றுக்கொள்ளலாம். கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே தூரத்துக்கு டாக்சியில் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய சேமிப்பு. நடத்துநர்கள் கன்னடத்தில் பேசினாலும், ஓசூர் சாலைத் தடத்தில் பணிபுரிகிறவர்களில் பலருக்குத் தமிழ் புரியும். ‘கிருஷ்ணகிரி பேருந்து பிடிக்க வேண்டும், எங்கே இறங்கலாம்’ என்று கேட்டால் பொறுமையாகச் சொல்லி, இடம் வந்ததும் அழைத்து இறக்கிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஊரில் இறங்கிய ஒருவருக்கு இந்த அக்கறை எவ்வளவு தெம்பு தரும் என்பதை அவர்களே வந்து சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எலக்ட்ரானிக் சிட்டிப் பேருந்து நகரத்தின் மையத்துக்குள் போகாமல் கிழக்குப் பக்கமாக வெளிவட்டச் சாலையைச் சுற்றி மாரத்தஹள்ளி, சில்க் போர்டு வழியாக ஓசூர் சாலைக்கு வருகிறது. பகலில் இதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். காலை எட்டரை முதல் பதினொன்று வரையிலும், மாலை ஐந்து முதல் ஒன்பது வரையிலும் மூன்று மணி நேரம் ஆனாலும் வியப்பதற்கில்லை. வெளிவட்டச் சாலை நெடுக மென்பொருள் அலுவலகங்கள். போதாததற்கு, சில்க் போர்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வழியாக விமான நிலையம் வரை போகவிருக்கும் மெட்ரோ நீலத் தடத்தின் கட்டுமானம் சாலையின் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தடம் முழுமையாக ஓடத் தொடங்கினால் நம் மாவட்டங்களுக்கு அதைவிடப் பெரிய நன்மை வேறில்லை என்றே நான் நினைக்கிறேன். அதுவரை, மாலை நேரத்தில் இறங்குகிறவர்கள் இந்தப் பேருந்தில் ஏறும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இந்தப் பேருந்து எலக்ட்ரானிக் சிட்டியின் அலுவலக வளாகங்களுக்குள் நுழைவதற்கு முன்பே ஓசூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கிக்கொள்வது நல்லது. உள்ளே போய்விட்டால் நெடுஞ்சாலைக்குத் திரும்ப ஆட்டோ பிடிக்க நேரிடும். நெடுஞ்சாலையில் ஓசூர் நோக்கிய பக்கத்தில் நின்றால், சாந்திநகர் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டு வரும் தமிழ்நாடு அரசுப் பேருந்துகள் தமிழ்ப் பலகையோடு வரத் தொடங்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை என்று ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டு வரும் அந்தப் பேருந்துகளில் பல, நமது போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தவை. இருக்கைகள் வாயு வஜ்ராவைப் போல இருக்காது; பெரிய பெட்டிகளை வைக்க இடமும் குறைவு. பெட்டியை ஓட்டுநருக்குப் பக்கத்திலோ கடைசி இருக்கைக்கு அருகிலோ வைத்துக்கொள்ளும்படி நடத்துநர் சொல்வார். ஆனாலும் பகல் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் இந்தப் பேருந்துகள்தாம் இந்த நெடுஞ்சாலையின் உண்மையான பலம். இதில் வருகிறவர்கள் ஏறும் முன்பே நடத்துநரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘ஊருக்குள் போகுமா, பைபாஸா?’ சேலம், கோவை, மதுரை செல்லும் பேருந்துகளில் பல கிருஷ்ணகிரி, தருமபுரி ஊர்களுக்குள் நுழையாமல் புறவழிச் சாலையிலேயே போய்விடும். பகலில் டோல்கேட் அருகிலோ மேம்பாலத்துக்கு அடியிலோ இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். இரவு பதினொரு மணிக்குப் புதிய ஆள் ஒருவர் பெட்டியோடு அங்கே இறங்குவது சரியல்ல. நெடுந்தூரம் செல்லும் இரவுப் பேருந்துகள் குறுகிய தூரத்துப் பயணிகளை ஏற்றத் தயங்குவதும் உண்டு.

நேரடிப் பேருந்து கிடைக்காவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஓசூர் வரை எந்தப் பேருந்தில் வந்தாலும் போதும்; ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு எந்நேரமும் பேருந்து இருக்கும். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவுதான், ஏறத்தாழ ஒரு மணி நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியாகத் தருமபுரிக்கு இன்னுமொரு மணி நேரம். மொத்தத்தில் விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் நான்கிலிருந்து ஐந்து மணி நேரமும், தருமபுரிக்கு ஐந்திலிருந்து ஆறு மணி நேரமும் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நேரத்தைப் பொறுத்தவரை இது நீண்ட பயணந்தான். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த பேருந்து உறுதியாகக் கிடைக்கிறது என்பதாலும், பேரம் பேசவோ ஏமாறவோ இடமில்லை என்பதாலும் இதற்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருகிறேன்.

2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடம் இந்த வழியில் ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆர்.வி. சாலையில் தொடங்கி சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை பத்தொன்பது கிலோமீட்டர் செல்லும் இந்தத் தடம், ஓசூர் சாலையின் மிக நெருக்கடியான பகுதியை மேலேயே கடந்துவிடுகிறது. நகரத்துக்குள் ஏதேனும் வேலை வைத்துக்கொண்டு மெஜஸ்டிக் வருகிறவர்கள், அங்கிருந்து பச்சைத் தடத்தில் ஆர்.வி. சாலை போய், மஞ்சள் தடத்துக்கு மாறிப் பொம்மசந்திராவில் இறங்கினால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி, ஓசூர் செல்லும் பேருந்துகளைப் பிடிக்கலாம். மாலை நெரிசலில் சில்க் போர்டு சந்திப்பில் நிற்பதை இது முற்றிலும் தவிர்த்துவிடுகிறது. பெரிய பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு இடையில் ரயில் மாறுவது சிரமம் என்பதால், கைப்பையோடு வரும் இளைஞர்களுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

தருமபுரிக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது கொடுத்து வைக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராக இருந்தும் அங்கே ரயில் நிலையம் கிடையாது. தருமபுரியோ பெங்களூரு, ஓசூர், சேலம் ரயில் பாதையில் இருக்கிறது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் விமானத்தில் இறங்கித் தருமபுரி வர வேண்டியவருக்கு இந்தப் பாதை மிகச் சிறந்தது. கே.ஐ.ஏ. 9 பேருந்தில் மெஜஸ்டிக் வந்தால் எதிரிலேயே கே.எஸ்.ஆர். பெங்களூரு ரயில் நிலையம். அங்கிருந்து அதிகாலையில் புறப்படும் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஓசூர் வழியாகத் தருமபுரிக்குக் காலைச் சிற்றுண்டி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதிகாலையில் சாலை காலியாக இருப்பதால் விமான நிலையத்திலிருந்து மெஜஸ்டிக் வருவதற்கும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆவதில்லை. பிற்பகலில் என்றால், 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கிவைக்கப்பட்ட கோயம்புத்தூர் வந்தே பாரத், பெங்களூரு கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து புறப்பட்டு ஓசூரிலும் தருமபுரியிலும் நின்று செல்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் தருமபுரி வந்துவிடலாம். வாரத்தில் ஆறு நாள் மட்டும் ஓடுகிறது என்பதால் நாளைப் பார்த்துக்கொண்டு முன்பதிவு செய்ய வேண்டும். விமானம் தாமதமானால் ரயில் காத்திருக்காது. ஆகையால் இறங்கும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

அந்த ரயில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓசூரைத் தாண்டியதும் கெலமங்கலம், இராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு என்று பாறைக் குன்றுகளுக்கும் தக்காளித் தோட்டங்களுக்கும் நடுவே வளைந்து இறங்கும் அந்த வழி, இந்த மண்ணை ஒரு விருந்தினருக்கு அறிமுகப்படுத்த நெடுஞ்சாலையைவிடப் பன்மடங்கு தகுதியானது. வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர்களை, நேரம் ஒத்துவந்தால் நான் ரயிலில்தான் வரச் சொல்கிறேன்.

விமான நிலையத்தின் அருகிலேயே, எலஹங்கா, தேவனஹள்ளி ரயில் பாதையில் 2021 ஜனவரி முதல் ஒரு சிறு நிறுத்தம் இயங்குகிறது. அங்கே நிற்கும் ரயில்கள் மிகச் சில என்பதால் புதியவர்கள் அதை நம்பித் திட்டமிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

இனி வாடகைக் கார். குழந்தைகள், முதியவர்கள், நான்கைந்து பெட்டிகள் என்று வரும் குடும்பத்துக்கும், இரவு எட்டு மணிக்குமேல் இறங்குகிறவர்களுக்கும், தனியாக வரும் பெண்களுக்கும் கார்தான் சரியான தேர்வு. கேள்வி எந்தக் கார் என்பதே. விமான நிலையத்திலேயே டாக்சி கவுண்டர்களும் செயலி வழி வண்டிகள் ஏற்றிச் செல்லும் இடங்களும் உள்ளன. அவை பெங்களூரு நகரத்துக்குள் செல்வதற்கு நன்றாகவே பயன்படுகின்றன. மாநில எல்லையைத் தாண்ட வேண்டும் என்றதும் சிக்கல் தொடங்குகிறது. கர்நாடகப் பதிவெண் கொண்ட வாடகை வண்டி தமிழ்நாட்டுக்குள் வருவதற்குப் பெர்மிட் முறையாக இருக்க வேண்டும். அகில இந்தியச் சுற்றுலாப் பெர்மிட் வைத்திருக்கும் வண்டிகள் உண்டு, இல்லாதவையும் உண்டு. பயணி அதை முன்கூட்டியே அறிய எளிய வழி எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் செயலி ஒன்றில் கிருஷ்ணகிரி வரை கட்டணம் முடிவாகிப் பதிவு செய்த வண்டியில் ஏறியது. அத்திப்பள்ளி வந்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பெர்மிட்டுக்கும் திரும்பிப் போகும் காலி ஓட்டத்துக்கும் தனியாகப் பணம் தந்தால்தான் எல்லையைத் தாண்டுவேன் என்றார். இரவு பத்து மணி, கைக்குழந்தை, இறங்கி நிற்கவும் இடமில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்துத்தான் வந்தார்கள். எல்லா ஓட்டுநர்களும் அப்படி இல்லை என்பதை நான் அறிவேன். கர்நாடக ஓட்டுநர்கள் பலர் சொன்ன கட்டணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கேட்காமல் வீட்டு வாசல் வரை வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் புதிதாக வரும் ஒருவரை இந்த ஐயத்துக்குள் தள்ளாமல் இருப்பதே நம் கடமை.

அதனால்தான் விருந்தினர் வருகிறார் என்றால் ஊரிலிருந்தே வண்டி அனுப்பும் பழக்கத்தை நான் வலியுறுத்துகிறேன். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஓசூரிலும் விமான நிலையப் பயணத்துக்கென்றே பழக்கப்பட்ட டிராவல்ஸ் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு எந்த நேரத்தில் எந்த வழி என்பது அத்துப்படி. வரும் விருந்தினருக்கு வண்டியின் பதிவெண்ணை முன்பே அனுப்பிவிடலாம், டி.என். 24 என்றால் கிருஷ்ணகிரி, டி.என். 29 என்றால் தருமபுரி, டி.என். 70 என்றால் ஓசூர். மஞ்சள் நிறப் பலகையில் அந்த எண்ணைப் பார்த்ததும் தமக்கான வண்டி இதுதான் என்று அவர்களுக்கு நிம்மதி வந்துவிடும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரை வாடகைக்கு அனுப்புகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். கட்டணம் சற்றுக் குறைவு என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. எல்லையில் அதிகாரிகள் நிறுத்தினால் பயணம் அங்கேயே முடிந்துபோகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

கட்டணம் பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, மொத்தத் தொகையா என்பதையும், டோல், பெர்மிட், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா ஆகியவை அதற்குள் அடங்குமா என்பதையும் வாய்ப்பேச்சில் விடாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். வழியில் விமான நிலையச் சாலையிலுள்ள சாதஹள்ளி, அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி என்று சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. சில்க் போர்டு அருகிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நீளும் மேம்பாலச் சாலையில் ஏறினால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. 2010 ஜனவரியில் அந்த மேம்பாலம் திறக்கப்பட்டதிலிருந்து ஓசூர் சாலைப் பயணம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தக் கீழ்ச் சாலையில் போகச் சொல்வது வீண். காத்திருப்புக் கட்டணத்தையும் முன்பே பேசிவிட வேண்டும். பன்னாட்டு விமானத்தில் வருகிறவர் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதற்காக ஓட்டுநரோடு தகராறு செய்வது நியாயமில்லை.

கார் ஓட்டுநர்களுக்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஹெப்பாள் வழியாக நகரத்துக்குள் புகுந்து ஓசூர் சாலையைப் பிடிப்பது. இரவு பத்து மணிக்குமேலும் காலை ஏழு மணிக்கு முன்பும் இதைவிட விரைவான வழி கிடையாது. கிருஷ்ணகிரிக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். மற்றொன்று நகரத்தைத் தொடாமல் கிழக்கே விலகி, ஹொசக்கோட்டே வந்து, அங்கிருந்து சர்ஜாபுரம், அத்திப்பள்ளி வழியாகவோ, மாலூர், பாகலூர் வழியாகவோ ஓசூரை அடைவது. தொபஸ்பேட்டை, தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, ஹொசக்கோட்டே ஊர்களை இணைக்கும் துணை நகர வட்டச் சாலையின் பகுதி 2024-இல் முறையாகத் திறக்கப்பட்ட பிறகு, தேவனஹள்ளியிலிருந்து ஹொசக்கோட்டே வரை அகன்ற சாலை கிடைத்துவிட்டது. பகல் நேரத்திலும் மாலை நெரிசலிலும் நான் இந்த வழியைத்தான் கேட்டு வாங்குகிறேன். தூரம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹொசக்கோட்டேயைத் தாண்டிய பிறகு சில இடங்களில் சாலை குறுகலானது, ஊர்களுக்குள் வேகத்தடைகள் அதிகம், இரவில் வெளிச்சம் போதாது. எனவே வழி தெரிந்த ஓட்டுநர் இருந்தால் மட்டுமே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பி வரும் ஓட்டுநரைக் கிராமச் சாலைகளுக்குள் அது இழுத்துச் சென்றுவிடும். நம் ஊர் ஓட்டுநர்களை நான் உயர்வாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தருமபுரிக்குப் போகும் கார் கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிற்பது நல்லது. விடிய விடிய வண்டி ஓட்டிவரும் ஓட்டுநருக்கு ஒரு தேநீரும் பதினைந்து நிமிட ஓய்வும் அவசியம். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சாலையோரம் இரவெல்லாம் திறந்திருக்கும் உணவகங்கள் இருக்கின்றன. பெண்களும் குழந்தைகளும் கழிப்பறை செல்வதற்கும் அவைதாம் ஏற்ற இடம். தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவதைக் காட்டிலும் அரை மணி நேரம் தாமதமாக வருவது மேல் என்று வீட்டிலிருப்பவர்கள் ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும்.

எல்லை கடந்து வரும் பயணம் என்பதால் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். காவிரிப் பிரச்சினை சூடுபிடிக்கும் நாட்களிலும் கர்நாடகத்தில் முழு அடைப்பு அறிவிக்கப்படும் நாட்களிலும் இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டபோதும், 2023 செப்டம்பர் அடைப்புகளின்போதும், அத்திப்பள்ளியில் இறங்கித் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள ஜூஜூவாடி வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மக்கள் நடந்தே வந்தார்கள். அத்தகைய நாட்களில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை அனுப்புவதும் சரியாக இருக்காது. விருந்தினரைச் சென்னைக்கு விமானத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது, அல்லது ஒரு நாள் பெங்களூரிலேயே தங்கச் சொல்வது, இரண்டில் ஒன்றுதான் வழி. பயணத் தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களின் செய்திகளைக் கவனித்து வந்தால் போதும்.

தருமபுரிக்கு வருகிற உள்நாட்டுப் பயணிகள் சேலம் விமான நிலையத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் அது, தொப்பூர் வழியாகத் தருமபுரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கே மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின. விமானங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் உங்கள் ஊரிலிருந்து உங்கள் நாளில் ஒன்று இருக்குமானால், மாநகர நெரிசலும் மாநில எல்லையும் இல்லாத அந்தப் பயணத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலையத்துடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி 2033 வரை அதிலிருந்து 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் வேறு விமான நிலையம் வருவதற்குத் தடை இருப்பதால், இதற்குக் காலம் பிடிக்கும். அந்த நாள் வரும்வரை தேவனஹள்ளி வழியைச் செம்மைப்படுத்திக்கொள்வதே நமக்கு நடைமுறையில் பயன் தரும். அதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. மைசூருக்கு விமான நிலையத்திலிருந்தே ஃப்ளைபஸ் என்ற பெயரில் கர்நாடக அரசுப் பேருந்துகள் நேரடியாக ஓடுகின்றன. அதே முறையில் இரு மாநிலக் கழகங்களும் பேசி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் வரை நாளெல்லாம் சீரான இடைவெளியில் குளிர்சாதனப் பேருந்துகளை ஓட்டினால் இருக்கைகள் காலியாகப் போகாது என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்னோடியாக, எலக்ட்ரானிக் சிட்டியில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிற்கும் இடத்தைக் குறித்துத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகையும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு நிழற்குடையும் அமைத்துக் கொடுத்தால், பெட்டியோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று தேடும் நிலை மாறும்.